செடியின் நஞ்சைத் தாண்டி சாறு குடிக்கும் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அசுவினி, வெள்ளை ஈ, புகையான் என்று பேச்சு எடுத்தாலே விவசாயிகளும் மாணவர்களும் மாடித்தோட்டம் போட்டவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். செடிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. அது தெரியாமல் மருந்தைப் பற்றி எடுக்கும் முடிவு பாதி முடிவுதான் என்பது என் கருத்து. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

சாறு உறிஞ்சும் பூச்சின்னா எதெல்லாம் அதுல வரும்?

அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, நெல்லில் வரும் புகையான், செதில்பூச்சிகளிலும் தத்துப்பூச்சிகளிலும் பல. இவற்றுக்குக் கடித்து மெல்லும் தாடை கிடையாது. ஊசி போல நீண்ட வாய் இருக்கிறது. அதைச் செடிக்குள் செலுத்தி, இலையில் தயாராகும் சர்க்கரையை எடுத்துச் செல்லும் புளோயத்தின் சல்லடைக் குழாய்களில் இருந்து சாற்றைக் குடிக்கின்றன. இலைப்பேனையும் சிலந்திப்பேனையும் வயலில் இதே கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அவை மேல்தோல் பக்கத்துச் செல்களைக் குத்தி உறிஞ்சுபவை, அவற்றின் கதை வேறு. இந்தப் பக்கம் முழுக்க சல்லடைக் குழாயில் குடிப்பவற்றைப் பற்றியதுதான்.

செடிக்குள்ள விஷம் இருக்குன்னு சொல்றீங்க. நாம தினமும் அதைத்தானே சாப்பிடுறோம்?

சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கடுகை முழுசாக வாயில் போட்டால் ஒன்றும் உறைக்காது. அதையே பச்சையாக, தண்ணீர் விட்டு அரைத்து வையுங்கள். சில நிமிடத்தில் மூக்கில் ஏறும். கடுகில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு செல்லிலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்லிலும் இருக்கின்றன. செல் நசுங்கி இரண்டும் கலக்கும்போதுதான் அந்தக் காரமான எண்ணெய் உருவாகிறது. பூச்சிக்கு அதுதான் நஞ்சு. எண்ணெயில் தாளித்த கடுகு உறைக்காததற்குக் காரணம், சூட்டில் அந்த நொதி செயலிழந்து போவதுதான்.

முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் எல்லாம் இதே குடும்பம், இதே ஏற்பாடு. மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் நசுங்கும்போது சயனைடைத் தருகிறது. மக்காச்சோளத்தின் இளம் பயிரில் டிம்போவா என்ற பொருளும் அப்படித்தான், சர்க்கரையோடு கட்டி அடக்கமாக வைக்கப்பட்டிருக்கும். புகையிலையின் நிக்கோட்டின் வேறு வகை. அது கலக்கக் காத்திருப்பதில்லை, எப்போதும் தயாராகவே இருக்கிறது. நாம் வேகவைக்கிறோம், ஊறவைக்கிறோம், கொஞ்சமாகச் சாப்பிடுகிறோம். நம் உடம்பும் பெரியது. பூச்சிக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை.

அப்படின்னா புழுவுக்கு மட்டும் விஷம், அசுவினிக்கு ஏன் ஒண்ணும் ஆகறதில்ல?

புழு கடிக்கிறது, செல்கள் நசுங்குகின்றன, மேலே சொன்ன கலவை நடந்துவிடுகிறது. அசுவினி நசுக்குவதே இல்லை. அதன் ஊசி செல்களைத் துளைத்துக்கொண்டு போகாமல், பெரும்பாலும் செல்களுக்கு இடையே உள்ள சுவர்ப் பகுதி வழியாக வளைந்து வளைந்து போகிறது. போகிற வழியில் ஒரு எச்சிலைத் துப்பும். அது உடனே கெட்டியாகி ஊசியைச் சுற்றி உறையாக நின்றுவிடும். உறைக்குள் ஊசி நகர்வதால் சுற்றியுள்ள செல்களுக்கு உரசல் குறைவு.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாதே, எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பார்கள். 1964-இல் கலிஃபோர்னியாவில் மெக்லீன், கின்சி என்ற இருவர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதைச் செய்யும் விதம் இதுதான்: தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை வெள்ளிப் பசையால் அசுவினியின் முதுகில் ஒட்டுவார்கள். இன்னொரு மின்முனை தொட்டி மண்ணில் இருக்கும். அசுவினி ஊசியைச் செருகியதும் மின்சுற்று பூர்த்தியாகிவிடும். ஊசி எங்கே இருக்கிறது, எச்சில் துப்புகிறதா, குடிக்கிறதா என்பதற்கெல்லாம் தனித்தனி அலை வடிவம் திரையில் ஓடும். அதில் தெரிந்தது என்னவென்றால், வழியில் உள்ள செல்களை அசுவினி ஐந்து, பத்து விநாடி மட்டும் குத்தி ருசி பார்க்கிறது. இது தனக்கு ஏற்ற செடியா என்று அங்கேயே முடிவு செய்கிறது. பிடித்தால்தான் மேலே போகும். சல்லடைக் குழாயை எட்டவே பல நேரம் மணிக்கணக்கில் ஆகிறது.

அப்போ செடிக்குத் தெரியவே தெரியாதா? சும்மா விட்டுடுமா?

தெரியும், சும்மா விடாது. சல்லடைக் குழாயில் அதிக அழுத்தத்தில் சர்க்கரைக் கரைசல் ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் செடிக்குப் பெரிய நஷ்டம். அதனால் குழாய் குத்தப்பட்ட உடனே உள்ளே கால்சியம் பாய்கிறது, அதைத் தொடர்ந்து குழாய் அடைத்துக்கொள்கிறது. அவரைக் குடும்பச் செடிகளில் ஃபோரிசோம் என்ற புரதக் கட்டு உண்டு. கால்சியம் பட்டதும் அது உப்பிக் குழாயை அடைக்கும். பொதுவாகச் செடிகளில் சல்லடைத் துளைகளைச் சுற்றி காலோஸ் என்ற பொருள் படிந்து வழியை மூடும்.

அசுவினி இங்கே இன்னொரு எச்சிலை எடுக்கிறது. இது கெட்டியாகாத, தண்ணீர் போன்ற எச்சில். குழாயைத் தொட்டதும் குடிக்காமல், முதலில் இதைத்தான் உள்ளே செலுத்துகிறது. ஜெர்மனியின் கீசன் நகர ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தனியாகப் பிரித்தெடுத்த ஃபோரிசோம்களைக் கால்சியம் கொடுத்து உப்பவைத்து, அதன்மேல் அசுவினியின் எச்சிலை விட்டார்கள். உப்பியது மறுபடி சுருங்கியது. எச்சிலில் உள்ள புரதங்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்பது அவர்களின் விளக்கம். உயிருள்ள செடிக்குள்ளும் இது அப்படியே நடக்கிறதா என்பதில் பின்னர் வந்த ஆய்வுகள் கேள்வி எழுப்பியிருக்கின்றன, வாதம் நடக்கிறது. புகையானின் எச்சிலிலும் கால்சியத்தைப் பிடிக்கும் புரதம் இருக்கிறது. அது நெல்லின் எதிர்ப்பைத் தணிக்கிறது என்பது ஆய்வில் தெரிந்த விஷயம்.

எச்சில்ல அப்படி என்னதான் இருக்கு?

எதிர்ப்புகளை அமர்த்தும் புரதங்கள், சுவரைக் கரைக்கும் நொதிகள், செடியின் தற்காப்புக்கு உதவும் பீனால் பொருள்களை மாற்றிவிடும் நொதிகள் என்று பல. புகையானின் எச்சிலில் நெற்செடியின் செல்சுவரில் உள்ள செல்லுலோஸை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. பட்டாணி அசுவினியின் எச்சிலில் சி002 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் உண்டு. 2008-இல் அந்தப் புரதம் உருவாகாதபடி மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். அந்த அசுவினிகள் செடியில் விட்டதும் சீக்கிரம் செத்தன, சல்லடைக் குழாயில் நிலைத்துக் குடிக்க முடியவில்லை. சர்க்கரைக் கரைசலில் விட்டவை அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. ஆக அந்தப் புரதத்தின் வேலை செடியைச் சமாளிப்பதுதான்.

புரதம் மட்டும் என்றும் இல்லை. பச்சை அசுவினி தன் ஆர்.என்.ஏ. (மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு) ஒன்றையே செடிக்குள் அனுப்புவதாகவும், அது செடியில் தூரம் வரை பரவி அசுவினியின் இனப்பெருக்கத்துக்கு உதவுவதாகவும் 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் வியப்பைத் தந்த செய்திகளில் இது ஒன்று.

ஆனால் எச்சில் பூச்சியைக் காட்டியும் கொடுக்கும். அசுவினியின் உடம்புக்குள் வாழ்ந்து அதற்கு அமினோ அமிலங்களைச் செய்து தரும் புக்னெரா என்ற பாக்டீரியாவின் புரதம் எச்சில் வழியே செடிக்குள் போகிறது. செடி அதை அடையாளம் கண்டு எதிர்ப்பைத் தூண்டிக்கொள்கிறது. இதை நினைவில் வையுங்கள், புகையான் கேள்வியில் தேவைப்படும்.

சரி, எல்லாத்தையும் மீறி விஷம் வயித்துக்குள்ள போயிடுச்சுன்னா?

சல்லடைச் சாற்றிலேயே குளுக்கோசினோலேட் ஓடுவதால் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அதை வெவ்வேறு பூச்சி வெவ்வேறு விதமாகக் கையாள்கிறது. பச்சை அசுவினி பெரும்பகுதியை அப்படியே, உடைக்காமல், தேன்கழிவில் வெளியேற்றிவிடுகிறது. இலையில் பிசுபிசுவென்று ஒட்டி, பிறகு கரும்பூசணம் படர இடம் தருகிறதே, அந்தக் கழிவுதான். வெள்ளை ஈ இன்னும் நுட்பம். தான் குடிக்கும் சர்க்கரையில் இருந்தே குளுக்கோஸை எடுத்து நஞ்சின் மூலக்கூறில் கூடுதலாக ஒட்டிவிடுகிறது. அப்படி ஒட்டியதை மைரோசினேஸால் உடைக்க முடியாது. இந்த வழியை 2020-இல் வெளியான ஆய்வில் விளக்கினார்கள்.

முட்டைக்கோஸ் அசுவினி செய்வதுதான் உச்சம். சாம்பல் பூத்தாற்போல் மெழுகுப் பொடி பூசிக்கொண்டு இலையில் கூட்டமாக இருக்குமே, அதுதான். அது நஞ்சை வெளியேற்றாமல் உடம்பிலேயே சேர்த்து வைக்கிறது. கூடவே மைரோசினேஸ் நொதியைத் தானே தயாரித்துத் தன் தசைகளில் வைத்துக்கொள்கிறது. பொறிவண்டின் புழு அதைப் பிடித்து நசுக்கினால் இரண்டும் கலந்து, அரைத்த கடுகில் நடந்தது அங்கேயும் நடக்கிறது. இரட்டைப் புள்ளிப் பொறிவண்டின் புழுக்கள் இந்த அசுவினியை மட்டும் தின்று பிழைக்க முடியாமல் சாகின்றன. நம் கடுகு வயல்களில் வரும் கடுகு அசுவினியிலும் அந்த நொதி இருக்கிறது. தரிசு நிலத்து எருக்கஞ்செடியில் கருப்புக் காலோடு மஞ்சள் நிற அசுவினி பார்த்திருப்பீர்கள். அதுவும் எருக்கின் பாலில் உள்ள இதயத்தைத் தாக்கும் நஞ்சை உடம்பில் ஏற்றிக்கொள்கிற வகைதான்.

வெள்ளை ஈ செடியோட ஜீனையே எடுத்துக்கிச்சுன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம். சீன வேளாண் அறிவியல் கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து, 2021-இல் ‘செல்’ (Cell) என்ற அறிவியல் இதழில் வெளியான ஆய்வு அது. தக்காளி போன்ற செடிகள் பீனாலிக் குளுக்கோசைடு என்ற நஞ்சுகளைச் செய்கின்றன. தன் நஞ்சு தன்னையே தாக்காமல் இருக்க, செடிகளில் ஒரு நொதி அதன்மேல் மலோனைல் என்ற தொகுதியை ஒட்டி அதைச் சாந்தமாக்கும். வெள்ளை ஈயிடம் அதே வேலையைச் செய்யும் மரபணு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தபோது அதற்கு நெருங்கிய சொந்தம் பூச்சிகளில் இல்லை, செடிகளில்தான். எப்போதோ, அநேகமாக ஒரு வைரஸ் மூலமாக, செடியிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள்.

ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. அந்த மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ.-வைத் தக்காளிச் செடியிலேயே உருவாகும்படி செய்தார்கள். அந்தத் தக்காளியைக் குடித்த வெள்ளை ஈக்கள் ஏறக்குறைய எல்லாம் செத்தன. அசுவினி, சிலந்திப்பேன் போன்ற மற்றவைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, தக்காளிக்குள் வெள்ளை ஈயைக் கொல்லும் நஞ்சு ஏற்கெனவே இருந்தது. இந்த ஒரு மரபணுதான் இத்தனை காலமும் அதைப் பலிக்கவிடாமல் செய்திருக்கிறது.

ஜாஸ்மோனிக் அமிலம், சாலிசிலிக் அமிலம்னு சொல்றாங்களே, அது எங்க வருது?

இரண்டும் செடிக்குள் செய்தி கடத்தும் பொருள்கள். பொதுவாகப் புழு கடித்தால் ஜாஸ்மோனிக் பாதை கிளம்பும், நஞ்சுகள் கூடும். சில நோய்க்கிருமிகள் தாக்கினால் சாலிசிலிக் பாதை கிளம்பும். ஒன்று ஓங்கினால் மற்றொன்று அடங்குவது வழக்கம். வெள்ளை ஈயின் குஞ்சுகள் இலைக்கடியில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வளர்பவை. அவை சாலிசிலிக் பாதையைக் கிளப்பிவிடுகின்றன. அதனால் தங்களுக்கு ஆபத்தான ஜாஸ்மோனிக் பாதை அடங்கிப்போகிறது. செடி எதிர்த்துப் போராடுகிறது, ஆனால் தவறான எதிரியை நினைத்துக்கொண்டு.

பக்கத்துச் செடியையும் இது பாதிக்கிறது. வெள்ளை ஈ பிடித்த தக்காளி காற்றில் விடும் வாசனைப் பொருள்கள், அருகில் உள்ள நல்ல தக்காளியையும் அதே தவறான பக்கம் தயாராக்கிவிடுகின்றன என்று 2019-இல் கண்டார்கள். அந்தச் செடியில் வெள்ளை ஈ ஏறும்போது வேலை சுலபமாகிவிடுகிறது. வயலில் ஒரு மூலையில் தொடங்கியது வேகமாகப் பரவுவதற்குப் பறந்து போவது மட்டும் காரணமில்லை என்பது இதில் விளங்கும்.

வைரஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? வெண்டையில மஞ்சள் நரம்பு வந்தா ஈயும் கூடவே இருக்கே.

உண்டு. வெள்ளை ஈ பரப்பும் சில வைரஸ்களோடு பீட்டா துணைக்கோள் என்ற சிறு டி.என்.ஏ. துண்டு சேர்ந்து வரும். சீனாவில் தக்காளி, புகையிலையைத் தாக்கும் ஓர் இலைச்சுருட்டை வைரஸில், அந்தத் துண்டு தரும் புரதம் செடியின் ஜாஸ்மோனிக் பாதையை அடக்குகிறது. அந்த நோய் வந்த புகையிலையில் வெள்ளை ஈ அதிகமாகப் பெருகுகிறது. இருவருக்கும் லாபம்.

வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல் நோயிலும் இப்படி ஒரு துணைக்கோள் சேர்ந்திருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். நோய் வந்த செடியைப் பிடுங்கி அழிக்கச் சொல்வது வைரஸ் பரவாமல் இருக்கத்தான். வெள்ளை ஈ வசதியாகப் பெருகக்கூடிய ஒரு செடியும் அதோடு போகிறது என்றால் இரட்டை நன்மை.

பி.டி. பருத்தி போட்டோமே, அதுல ஏன் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் வருது?

பி.டி. பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணு சேர்க்கப்பட்டிருக்கிறது. அது தரும் பி.டி. புரதம் காய்ப்புழு வகைகளின் குடலில் உள்ள குறிப்பிட்ட புரதத்தோடு ஒட்டினால்தான் வேலை செய்யும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு அது பெரிதாக எதுவும் செய்வதில்லை. இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது. அந்த மருந்தில் சேர்ந்து அடங்கிக் கிடந்த சாறு உறிஞ்சிகளுக்கு இடம் கிடைத்தது. 2015-இல் பஞ்சாப், ஹரியானா பருத்தியில் வெள்ளை ஈ போட்ட போடு எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எதிர்ப்பு ரகம்னு குடுத்தாங்க. கொஞ்ச வருஷத்துல அதுலயும் புகையான் வந்துடுச்சே, ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றவில்லை. புகையான் மாறிவிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-இல் ஐ.ஆர்.26 ரகத்தை வெளியிட்டது. அதில் பி.பி.எச்.1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது (பி.பி.எச். என்பது புகையானின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம்). இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் முழுக்கப் பரப்பினார்கள். இரண்டு மூன்று வருடத்திலேயே அதைத் தாண்டும் புகையான் வந்துவிட்டது. பிறகு 1976-இல் பி.பி.எச்.2 மரபணுவோடு ஐ.ஆர்.36 வந்தது. நாளடைவில் அதையும் தாண்டும் புகையான் வந்தது.

காரணம் முன்பு எச்சில் பற்றிச் சொன்ன இடத்தில் இருக்கிறது. சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்தில் 2009-இல் பி.பி.எச்.14 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அது எதை அடையாளம் காண்கிறது என்பது 2023-இல் தெரிந்தது. புகையானின் எச்சிலில் உள்ள ஒரு புரதத்தைத்தான். சாதாரண நெல்லில் அந்த எச்சில் புரதம் எதிர்ப்பை அடக்கும். பி.பி.எச்.14 உள்ள நெல்லிலோ அதுவே காட்டிக்கொடுத்து எதிர்ப்பைக் கிளப்பும். பூச்சி குடிப்பதை நிறுத்தியதும் செடி அந்தப் புரதத்தைச் சிதைத்து எதிர்ப்பையும் தணித்துக்கொள்கிறது. எப்போதும் எதிர்ப்பிலேயே இருந்தால் கதிருக்குப் போக வேண்டிய சத்து வீணாகும். ஆனால் ஒரே ஒரு பூட்டை நம்பிய வீடு அது. ஒரே புரதத்தை அடையாளம் காணும் ரகத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டால், அந்த ஒன்றில் மட்டும் மாறுபட்ட பூச்சி தப்பிப் பெருகப் போதுமானது.

இதற்கு எதிர்மாறான சாட்சி ஐ.ஆர்.64. அதிலும் பி.பி.எச்.1 இருக்கிறது. ஆனால் அதோடு சிறு சிறு எதிர்ப்புத் தன்மைகள் பலவும் சேர்ந்திருப்பதால் ஐ.ஆர்.26-ஐவிட அதிக காலம் தாக்குப்பிடித்தது. இலங்கையின் ரத்து ஹீனட்டி, கேரளத்துப் பட்டாம்பியின் பி.டி.பி.33 போன்ற பழைய ரகங்கள் இன்றும் எதிர்ப்புக்கு மூலமாக இருக்கின்றன. பி.பி.எச்.2 மரபணு கண்டறியப்பட்டதே நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7 ரகத்தில்தான். ரத்து ஹீனட்டியின் பி.பி.எச்.3 என்பது ஒற்றை மரபணு இல்லை, அருகருகே இருக்கும் மூன்றின் கொத்து என்று 2015-இல் தெரிந்தது. பழைய ரகங்களை விதை வங்கியில் காப்பாற்றச் சொல்வது பழமைப் பாசத்தால் மட்டும் இல்லை.

இவ்வளவு எதுக்கு? நல்ல மருந்தா பார்த்து அடிச்சா போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குவேன். புகையிலையில் வாழும் பச்சை அசுவினியைப் பாருங்கள். நிக்கோட்டினைச் சிதைக்கும் நொதி ஒன்றின் மரபணுவை அது பல மடங்கு பிரதியெடுத்து வைத்திருக்கிறது. சிலவற்றில் நூறு பிரதி வரை இருக்கலாம். அதனால் அந்த நொதி ஏராளமாகச் சுரக்கிறது, புகையிலையில் பிழைக்க முடிகிறது. இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிக்கோட்டினாய்டு மருந்துகள் பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்காருபவை. அதே நொதி இந்த மருந்தையும் சிதைக்கிறது. 2013-இல் வெளியான ஆய்வு இதை விளக்கியது. அதாவது, செடியைச் சமாளிக்கக் கற்ற வித்தையே மருந்தைச் சமாளிக்கவும் பயன்படுகிறது. நாம் புதிதாகக் கொண்டுவந்த மருந்துக்குப் பூச்சி பழைய பயிற்சியோடு வந்து நிற்கிறது.

புகையானும் அப்படித்தான். இமிடாகுளோபிரிட் மேல் ஆசியாவே சாய்ந்திருந்தபோது, 2005-ஐ ஒட்டி அது பலிக்காமல் போகத் தொடங்கியது. நஞ்சைச் சிதைக்கும் அதே குடும்பத்து நொதி ஒன்று மிகையாகச் சுரப்பதே காரணம்.

மருந்து இன்னொரு வழியிலும் கெடுக்கும். செயற்கை பைரித்ராய்டு போன்றவற்றை நெல்லில் அடித்தால் சிலந்தியும், புகையான் முட்டையைக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் சாகும். புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். இந்தோனேசியா 1986-இல் அதிபர் ஆணை போட்டு நெல்லில் 57 வகை மருந்துகளைத் தடை செய்தது இதனால்தான். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தூருக்கு ஒரு புகையானுக்கு மேல் இருந்தால் அடிக்கலாம், குத்துக்கு (பல தூர்கள் சேர்ந்த கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று நம் பரிந்துரையிலேயே இருக்கிறது. குனிந்து தூரைப் பார்த்து எண்ணிவிட்டு அடியுங்கள். ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள்.

யூரியா அதிகம் போட்டா புகையான் வரும்னு பெரியவங்க சொல்வாங்க. அதுல உண்மை இருக்கா?

முழுக்க உண்மை. யூரியா தரும் தழைச்சத்து கூடினால் சாற்றில் அமினோ அமிலம் கூடும். பூச்சிக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது சர்க்கரை இல்லை, அதுதான். கூடவே செடியின் பீனால் பொருள்கள் குறையும், திசு மென்மையாகும். புகையான் அதிக முட்டை வைக்கும். சிலிக்கா நன்றாகச் சேர்ந்த நெல்லில் இதற்கு நேர் எதிராக நடக்கும். யூரியாவைப் பிரித்துப் போடுவது, எட்டு அடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடுவது, தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுவது எல்லாம் செலவில்லாத வேலைகள்.

மருந்தையே தாண்டுதுன்னா வேப்பங்கொட்டைச் சாறு மட்டும் எப்படி வேலை செய்யும்?

இதற்கு அழகான பரிசோதனை ஒன்று உண்டு. கனடாவில் 1995-இல் வெளியானது. பச்சை அசுவினியின் ஒரு கூட்டத்துக்கு வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற ஒற்றைப் பொருளை மட்டும் தொடர்ந்து கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு அசாடிராக்டின் உள்ள வேப்ப விதைச் சாற்றைக் கொடுத்தார்கள். 40 தலைமுறை கழித்துப் பார்த்தால், ஒற்றைப் பொருளைக் குடித்த கூட்டத்துக்கு ஒன்பது மடங்கு எதிர்ப்பு வந்திருந்தது. சாற்றைக் குடித்த கூட்டத்துக்கு வரவில்லை. சாற்றில் பல பொருள் கலந்திருப்பதால் ஒரே மாற்றத்தில் தப்ப முடியவில்லை. ஐ.ஆர்.64 பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் வேப்பங்கொட்டைச் சாறு உடனே கொல்லும் மருந்து கிடையாது. ஐந்து சதவீதக் கரைசலை, பூச்சி குறைவாக இருக்கும்போதே, சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடித்தால்தான் பலன் தெரியும். இலை மேலே மட்டும் அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்றால் வேம்பின் மேல் குற்றமில்லை.

அந்த வெள்ளை ஈ மரபணுவை அடக்குற தக்காளி எப்போ கைக்கு வரும்?

அப்படி ஒரு விதையை நம்பி இப்போதே திட்டம் போட வேண்டாம். இந்தியாவில் வணிக ரீதியாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். செடியை மாற்றாமல், ஆர்.என்.ஏ.-வை மருந்தாகத் தெளிக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிராக அப்படி ஒன்றுக்கு 2023-இன் கடைசியில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த வண்டு இலையைத் தின்பது. இலைமேல் இருப்பது நேராக வயிற்றுக்குப் போகும். சாறு உறிஞ்சிக்கு அது சல்லடைக் குழாய்க்குள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் அசுவினி போன்றவற்றின் எச்சிலிலும் குடலிலும் ஆர்.என்.ஏ.-வைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன.

அதற்கு முன்பாகவே பலன் தரக்கூடியது காட்டுத் தக்காளி என்று எனக்குப் படுகிறது. தென் அமெரிக்காவின் சில காட்டுத் தக்காளி இனங்களில் இலை முழுக்கச் சுரப்பி ரோமங்கள் இருக்கும். அவை அசைல் சர்க்கரை என்ற பிசினைச் சுரக்கின்றன. வெள்ளை ஈ இறங்கும்போதே கால் ஒட்டிக்கொள்ளும், ஊசியைச் செருகவே விருப்பப்படாது. மேலே சொன்ன எச்சிலும் நொதியும் வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்பே தடுப்பது இது. அந்தப் பிசினும் ஒரே பொருள் இல்லை, பல அசைல் சர்க்கரைகளின் கலவை. சாதாரணக் கலப்பின் மூலமே அதைப் பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப் பல வருடங்களாக முயற்சி நடக்கிறது. கூடவே வரும் வேண்டாத குணங்களைக் கழிப்பதுதான் அதில் கஷ்டமான பகுதி.